148 பழைய போன்களும் ஒரு நீள நோட்டும்: பகுதி நேர விற்பனையின் வரிக்கணக்கு

2024 டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு தம்பி என் அலுவலகத்துக்கு வந்தார். ஆவடிப் பக்கம் சொந்த வீடு, வீட்டுக் கடன், ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. அதுவரை தன் வருமான வரிக் கணக்கைத் தானே தாக்கல் செய்துவந்தவர். போனில் வந்திருந்த ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினார். 2023-24 நிதியாண்டில் அவர் பெயரில் பதிவான பரிவர்த்தனைகளும் அவர் கொடுத்த கணக்கும் ஒத்துப்போகவில்லை, பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று வருமான வரித் துறை சொல்லியிருந்தது. மத்திய நேரடி வரிகள் வாரியம் அந்த மாதம் இப்படிப் பலருக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. இது நோட்டீஸ் அல்ல, நினைவூட்டல்தான். ஆனால் வாங்கியவருக்குத் தூக்கம் போய்விடும்.

“சார், நான் பிசினஸ் எல்லாம் பண்ணலை சார். சும்மா பழைய போன் வாங்கி வித்தேன், அவ்வளவுதான்.”

அவர் பிரச்சினை முழுவதும் இந்தப் பேச்சுக்குள்ளேயே இருந்தது. “வித்தேன்” என்று மட்டும் சொல்லியிருந்தால் கதை வேறு. “வாங்கி வித்தேன்” என்றதும் சட்டத்தின் பார்வை மாறிவிடுகிறது. பழைய பொருள் விற்பதைப் பக்க வருமானமாக வைத்திருக்கும் பலருக்கு உதவும் என்பதால் அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன், தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, பிரிவு எண்கள் மாறிவிட்டன. இந்தக் கணக்கு 2023-24-க்கு உரியது, அதனால் 1961 சட்டத்தின் எண்களையே சொல்கிறேன்.

என்ன நடந்தது

முதலில் அவருடைய ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்தோம். ஏஐஎஸ் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். சம்பளமும் சேமிப்புக் கணக்கு வட்டியும் சரியாக இருந்தன. மூன்றாவது வரியில் சேமிப்புக் கணக்கில் ரொக்கமாகச் செலுத்தியது 11,40,000 ரூபாய் என்று இருந்தது. ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்குகளில் ரொக்கம் 10 லட்சத்தைத் தொட்டால் வங்கி அதைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இவர் தாக்கல் செய்ததோ ஐடிஆர்-1, அதாவது சம்பளக்காரர்களுக்கான எளிய படிவம். அதில் வியாபார வருமானத்தைக் காட்ட இடமே கிடையாது.

பணம் எப்படி வந்தது என்று கேட்டேன். கூட வேலை செய்பவர்கள் புது போன் வாங்கும்போது பழையதை இவரிடம் தள்ளிவிடத் தொடங்கியிருக்கிறார்கள். இவர் துடைத்து, டிஸ்ப்ளே உடைந்திருந்தால் மாற்றி, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் தெரிந்த கடைகளுக்குக் கொடுப்பார். அப்புறம் செயலிகளில் விளம்பரம் பார்த்தும் வாங்கத் தொடங்கினார். கடைக்காரர்கள் ரொக்கமாகத் தருவார்கள், போன் விற்க வருபவர்களோ யுபிஐ-யில் கேட்பார்கள். ஆகவே வாங்கிய ரொக்கத்தை அன்று மாலையே வங்கியின் பணம் போடும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, அதிலிருந்தே அடுத்த போனுக்குப் பணம் அனுப்பிவிடுவார். அவர் கையில் இருந்த முதலீடு ஒன்றேகால் லட்சம்தான். அந்தப் பணம் ஆண்டு முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து, அறிக்கையில் 11,40,000 ஆக நின்றது.

இதைக் கேட்டபோது எனக்குப் பாதி நிம்மதி. மீதி நிம்மதி அவர் பையிலிருந்து எடுத்த நோட்டைப் பார்த்த பிறகு வந்தது.

200 பக்க நீள நோட்டு. அட்டை கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு போனுக்கும் ஒரு வரி: தேதி, மாடல், ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), யாரிடம் வாங்கினது, வாங்கிய விலை, செலவு, யாருக்கு விற்றது, விற்ற விலை. ஒரு வரியில் 7,200-க்கு வாங்கி, டிஸ்ப்ளேவுக்கு 1,450 செலவு செய்து, 10,000-க்குக் கொடுத்திருந்தார். ஓரத்தில் சிவப்புப் பேனாவில் “ரொக்கம்”. இன்னொரு வரியில் “நஷ்டம், மதர்போர்டு போச்சு” என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

வரிக்காக அவர் இதை எழுதவில்லை. திருட்டு போன் கைக்கு வந்துவிட்டால் போலீஸ் நம்மைத்தான் முதலில் கேட்கும், யாரிடம் வாங்கினாய் என்பதற்குச் சான்று வைத்துக்கொள் என்று ரிச்சி தெருவில் ஒரு மூத்த கடைக்காரர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதனால் விற்பவரின் அடையாள அட்டையைப் போனிலேயே படம் எடுத்து வைப்பார், வாங்கும் முன் சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் ஐஎம்இஐ எண்ணைப் போட்டுப் பார்ப்பார். போலீசுக்குப் பயந்து எழுதிய நோட்டு வரிக்கணக்கில் அவரைக் காப்பாற்றியது.

எவ்வளவு தூரம் காப்பாற்றியது என்பதற்கு ஒரு கணக்கு. ரொக்கம் எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாவிட்டால், 69ஏ பிரிவின்படி அதை விளக்கமில்லாத பணமாக எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டுக்கான விதிப்படி அதன் மீது வரி 60 சதவீதம், அந்த வரியின் மேல் 25 சதவீதக் கூடுதல் வரி, பிறகு இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 4 சதவீத செஸ். மொத்தம் 78 சதவீதம். 11,40,000-க்கு அது 8,89,200 ரூபாய். அவர் கடைசியில் கூடுதலாகக் கட்டிய வருமான வரியும் வட்டியும் இதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

சொந்தப் பொருளா, சரக்கா

நோட்டில் இருந்த மொத்த விற்பனை 18,00,000 ரூபாய். எல்லாமே வியாபாரம் அல்ல. அவருடைய பழைய ஸ்கூட்டர் 28,000, வீட்டு ஃபிரிட்ஜ் 6,500, மூன்று ஆண்டு பயன்படுத்திய சொந்த போன் 5,500. பழக்கதோஷத்தில் இவற்றையும் அதே நோட்டில் எழுதியிருந்தார். இந்த 40,000-ஐ முதலில் தனியே எடுத்துவைத்தோம்.

காரணம் எளிது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருள் மூலதனச் சொத்தே ஆகாது என்று 2(14) பிரிவு சொல்கிறது. சோபா, சைக்கிள், வாஷிங் மெஷின், நாம் ஓட்டிய கார் எதை விற்றாலும் மூலதன ஆதாய வரி கிடையாது. வாங்கிய விலையைவிட அதிகத்துக்கு விற்றாலும் கிடையாது. விதிவிலக்கு நகையும், ஓவியம், சிற்பம், தொல்பொருள் போன்ற கலைப்பொருட்களும். இவை சொந்த உபயோகத்தில் இருந்தாலும் மூலதனச் சொத்துதான். இந்தத் தம்பி முதல் போடுவதற்காக மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியை அதே ஆண்டு விற்றிருந்தார். அது மனைவிக்குக் கல்யாணத்தில் போட்ட நகை, அதன் ஆதாயமும் மனைவியின் கணக்கில்தான் சேரும். மனைவிக்கு வேறு வருமானம் இல்லை, வரி வரம்பையும் தொடவில்லை. அதனால் அங்கே வரி எழவில்லை. நகை விற்ற ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

மிச்சம் 148 போன்கள், 17,60,000 ரூபாய். அவருக்கு ஏற்க மனமில்லாத இடம் இதுதான். “கடை இல்லை, போர்டு இல்லை, லைசென்ஸ் இல்லை. எப்படி சார் வியாபாரம்?”

இதற்குப் பதில் நம் ஊர் வழக்கு ஒன்றிலேயே இருக்கிறது. கோவை ஜனார்த்தனா மில்லின் நிர்வாக முகவர்களாக இருந்த ஜி. வெங்கடசாமி நாயுடு அண்டு கம்பெனி, மில்லை ஒட்டியிருந்த நான்கு மனைகளை 1941-42-இல் வாங்கியது. 1947-இல் அவற்றை அந்த மில்லுக்கே 52,600 ரூபாய்க்கு விற்றது. லாபம் 43,887. நிலத்தை வாங்கி விற்பது எங்கள் தொழில் அல்ல, இது முதலீடுதான் என்றது கம்பெனி. உச்ச நீதிமன்றம் 1958-இல் அதை ஏற்கவில்லை. வாங்கும்போதே மில்லுக்கு லாபத்தில் விற்கும் நோக்கம்தான் இருந்தது, அதனால் ஒரே ஒரு பேரமாக இருந்தாலும் அது வியாபாரத் தன்மை கொண்டதே என்று தீர்ப்பானது. இன்றும் இந்த மாதிரி வழக்குகளில் முதலில் எடுத்துப் பார்க்கும் தீர்ப்பு அது.

கடையும் போர்டும் இருக்கிறதா என்பதைவிட, வாங்கும்போது மனதில் என்ன இருந்தது என்பதைத்தான் அங்கே பார்த்தார்கள். பயன்படுத்த வாங்கி, பயன்படுத்தி, பிறகு விற்றால் சொந்தப் பொருள். விற்கவே வாங்கினால் சரக்கு. 148 போன்களை யாரும் பேசுவதற்கு வாங்குவதில்லை என்றேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

வருமான வரி எவ்வளவு வந்தது

சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவில் கணக்குப் புத்தகம் வைக்கத் தேவையில்லை. ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வந்ததில் 6 சதவீதம், இதைக் குறைந்தபட்ச லாபமாகக் காட்டினால் போதும். அவருக்கு ரொக்கம் 11,40,000, வங்கி வழி 6,20,000. அப்படிப் பார்த்தால் 91,200-உம் 37,200-உம் சேர்த்து 1,28,400.

ஆனால் நோட்டு வேறு கணக்கு சொன்னது. விற்றதற்கும் வாங்கியதற்கும் உள்ள வித்தியாசம் 2,48,000. உதிரி பாகம், கூரியர், பெட்ரோல் 62,000. கையில் நின்றது 1,86,000. “சட்டமே 1,28,400 போதும்னு சொல்லுதே, அதையே போட்டுடலாமே சார்?” என்றார். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், சில ஆலோசகர்களும் அப்படியே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பிரிவு 6, 8 சதவீதத்தைச் சொல்லும் இடத்திலேயே, அதைவிட அதிகம் சம்பாதித்திருந்தால் அந்த அதிகத் தொகையையும் சொல்கிறது. நம் கையெழுத்திலேயே உண்மையான லாபத்தை எழுதி வைத்துக்கொண்டு குறைவாகக் காட்டினால், நம்மைக் காப்பாற்றும் நோட்டே நமக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். 1,86,000-ஐயே காட்டினோம்.

அவர் எதிர்பார்க்காத அடி அடுத்து வந்தது. சம்பளம் 10,20,000. பழைய வரி முறையில் வீட்டுக் கடன் வட்டி 2,00,000, 80சி பிரிவில் வரும் சேமிப்பு 1,50,000, மருத்துவக் காப்பீடு 18,000, சம்பளக்காரர்களுக்கான நிலைக் கழிவு 50,000 எல்லாம் போக 6,02,000-க்கு வரி கட்டியிருந்தார். செஸ் சேர்த்து 34,216, அதைக் கம்பெனியே பிடித்துவிட்டது. சம்பளம் மட்டும் உள்ளவர் ஒவ்வோர் ஆண்டும் கழிவுகள் உள்ள பழைய முறையா, பெரும்பாலான கழிவுகள் இல்லாத புதிய முறையா என்று படிவத்திலேயே ஒரு டிக் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். வியாபார வருமானம் வந்துவிட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. பழைய முறை வேண்டுமென்றால் 10-ஐஇஏ என்ற படிவத்தை, கணக்குத் தாக்கல் செய்யும் கெடு தேதிக்குள் தனியாகக் கொடுத்திருக்க வேண்டும். அவருக்கு அந்தக் கெடு 2024 ஜூலை 31. தான் வியாபாரி என்றே தெரியாதவர் அந்தப் படிவத்தை எங்கிருந்து கொடுப்பார்?

ஆகவே திருத்திய கணக்கு புதிய முறையில்தான் போக முடிந்தது. வீட்டுக் கடன் வட்டியும் 80சி-யும் போயின. நிலைக் கழிவு போக 9,70,000 சம்பளமும் 1,86,000 லாபமும் சேர்த்து 11,56,000. வரி, செஸ் சேர்த்து 86,736. பிடித்ததைக் கழித்தால் 52,520 பாக்கி. 10-ஐஇஏ மட்டும் நேரத்தில் கொடுத்திருந்தால் பழைய முறையில் பாக்கி 38,688-தான். ஒரு படிவம் விட்டுப்போனதற்கு 13,832 ரூபாய்.

இதற்கு மேல் முன்வரி கட்டாததற்கான வட்டி. பிடித்தது போக 10,000 அல்லது அதற்கு மேல் வரி இருந்தால், ஆண்டு முடியும் முன்பே கட்ட வேண்டிய முன்வரி உண்டு. 44ஏடி-யில் இருப்பவர்கள் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம். ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்து மாதத்துக்கு 5,250, அந்தத் தவணை தவறியதற்கு 525. எல்லாம் சேர்த்து 58,300.

அந்த ஆண்டின் திருத்திய கணக்குக்கு டிசம்பர் 31 கடைசி நாளாக இருந்தது. மூன்று இரவு உட்கார்ந்து நோட்டை எக்செலில் ஏற்றினார். வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டபோது நோட்டின் நான்கு வரிகள் இடித்தன, நான்குக்கும் விளக்கம் கிடைத்தது. பணம் புரட்டத்தான் நேரம் போதவில்லை. டிசம்பர் 31 அன்றே கெடு 2025 ஜனவரி 15 வரை நீட்டிக்கப்பட்டது அவருக்கு நல்லதாகப் போயிற்று. ஜனவரி இரண்டாவது வாரத்தில் வரியைக் கட்டி, 44ஏடி-க்கான படிவமான ஐடிஆர்-4 தாக்கல் செய்தோம். அந்தத் தேதி தாண்டியிருந்தாலும் கதவு அடியோடு மூடிவிடாது. புதுப்பித்த கணக்கு என்ற வழி உண்டு, ஆனால் வரிக்கும் வட்டிக்கும் மேல் முதல் ஓராண்டுக்குள் 25 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 50 என்று கூடுதலாகக் கட்ட வேண்டும்.

பதினொரு கூரியர்

வருமான வரி முடிந்தது என்று அவர் எழுந்தபோது, நோட்டில் “யாருக்கு” என்ற பத்தியை மறுபடி பார்த்தேன். பெரும்பாலும் ரிச்சி தெரு, அம்பத்தூர், தாம்பரம். நடுநடுவே பெங்களூரு, நெல்லூர், மூன்று இடத்தில் புதுச்சேரி. மொத்தம் பதினொன்று, எல்லாம் கூரியரில் போனவை. முதலாவது 2023 செப்டம்பரில்.

ஜிஎஸ்டி என்றாலே பொருள் விற்பவருக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் அது சரி. வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் வரம்பே கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம் என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 24-ஆம் பிரிவு. சென்னையிலிருந்து பேருந்தில் ஏறி மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும் புதுச்சேரியும் இந்தக் கணக்கில் வெளி எல்லைதான். பலர் தடுக்கி விழும் இடம் அது.

பதிவுக்கான கடமை வந்துவிட்டால் அந்தப் பதினொரு போனுக்கு மட்டும் வரி என்று ஒதுங்க முடியாது. அன்று முதல் ரிச்சி தெருவில் விற்றதும் வரிக்குள் வந்துவிடும்.

நல்லவேளையாக, பழைய பொருளை வாங்கி விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி விதி 32(5) ஒரு நியாயமான வழி வைத்திருக்கிறது. அந்தப் போன் புதிதாக விற்றபோதே முழு விலைக்கும் வரி கட்டியாகிவிட்டது, மறுபடி முழு விலைக்கும் வாங்குவது சரியில்லை என்பது அதன் அடிப்படை. விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்து, அந்த வித்தியாசத்துக்கு மட்டும் வரி. வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்திருக்கக் கூடாது, பொருளின் இயல்பை மாற்றாத சிறு வேலைதான் செய்திருக்க வேண்டும். போனுக்கு 18 சதவீதம். நோட்டில் பார்த்த அந்த 7,200 போனையே எடுத்துக்கொள்வோம். 10,000-க்குப் போனது, வித்தியாசம் 2,800, வரி 504. டிஸ்ப்ளேவுக்குச் செய்த 1,450-ஐ இங்கே கழிக்க முடியாது. நஷ்டத்தில் போன போனை லாபத்தில் போனதோடு ஈடுகட்டவும் முடியாது. எதிர்மறை வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஒவ்வொரு போனும் தனித்தனிக் கணக்கு. ஒவ்வொரு போனுக்கும் ஒரு வரி எழுதும் நோட்டு இல்லாமல் இந்தச் சலுகையை நிரூபிப்பது மிகக் கடினம்.

2023 செப்டம்பரிலிருந்து 2024 மார்ச் வரை லாபத்தில் போன போன்களின் வித்தியாசம் மட்டும் 1,60,000. வரி 28,800. ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு ஏறக்குறைய 34,000. துறையிலிருந்து நோட்டீஸ் வரும் முன் தானாகவே வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் அபராதம் இல்லை என்ற மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 73-ஆம் பிரிவின் வழியில் போனோம். நடப்பு ஆண்டுக்கும் அதே முறையில் கணக்குப் போட்டோம்.

அந்தப் பதினொரு கூரியரில் அவர் சம்பாதித்தது எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கச் சொன்னேன். 21,000. அதற்காக 34,000. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஏமாற்ற வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. நல்ல விலை கேட்டவருக்கு அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். பதிவு செய்யாத சிறு விற்பனையாளர் வெளிமாநில முகவரிக்குப் பார்சல் போடும்போதே இந்த விதியைச் சொல்லிவிட ஒரு ஏற்பாடு இருந்தால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள்.

என்ன முடிவெடுத்தோம்

இரண்டு வழி இருந்தது. பதிவோடு தொடர்ந்து, எந்த மாநிலத்துக்கும் விற்கலாம். அப்படியானால் அவர் அளவு வியாபாரத்துக்கு ஆண்டுக்கு 47,000 ரூபாய் போல வரி, மேற்கொண்டு படிவ வேலை. இல்லையென்றால் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்று, 40 லட்சத்துக்குள் நிற்கலாம். பக்க வருமானமாகவே வைத்துக்கொள்ளப் போகிறார் என்பதால் இரண்டாவதைத்தான் சொன்னேன். வீட்டு முகவரியிலேயே பதிவு எடுத்து, பாக்கியைத் தீர்த்து, 2025 ஜனவரியோடு வெளிமாநில விற்பனையை நிறுத்தினார். நிதியாண்டு முடிந்ததும் பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்தோம். முழுநேரமாக இறங்க நினைப்பவருக்கு என் பதில் வேறாக இருக்கும்.

வேறு பொருள் விற்பவர்கள் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சில. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால் பழைய புத்தகம் மட்டும் விற்பவருக்கு இந்தக் கூரியர் சிக்கலே வராது. வருமான வரி மட்டும்தான். பழைய கார், பைக் வாங்கி விற்கும் பதிவு பெற்ற வியாபாரிக்கு 2025 ஜனவரி முதல் வித்தியாசத்தின் மேல் 18 சதவீதம். அந்தச் செய்தி வந்தபோது, சொந்தக் காரை விற்றாலும் வரியாம் என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. அது தவறு. பணத்தைத் தாங்களே வாங்கித் தரும் இணையச் சந்தைகள் வழியாக விற்றால், விற்பனையில் 0.1 சதவீதம் பிடித்துத் துறைக்குக் கட்டுவார்கள். தனிநபர் பான் எண் கொடுத்து, ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் விற்றால் பிடிக்க மாட்டார்கள். பிடிக்கவில்லை என்பதால் வருமானம் இல்லை என்று ஆகிவிடாது.

2025 ஏப்ரலில் அந்தத் தம்பி புது நோட்டோடு வந்தார். பழைய பத்திகளோடு இரண்டு பத்தி கூடியிருந்தது. ஒன்றில் “ஊர்”. இன்னொன்றில் “சொந்தம் / சரக்கு”. முதல் பக்கத்து மேல் மூலையில் பெரிய எழுத்தில் இரண்டு தேதி: மார்ச் 15, ஜூலை 31. முதல் வரியில் இருந்தது அவருடைய குழந்தையின் பழைய தொட்டில், 900 ரூபாய். பக்கத்தில் “சொந்தம்” என்று எழுதியிருந்தார்.